மாதையன் அண்ணனின் செவ்வாய்க்கிழமை டூட்டி

மாதையன் அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை, பொம்மிடியில் அவர் வீட்டிலேயே. அக்காவுக்குத் தலை வாரிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்... ஹார்ட் என்கிறார்கள்.

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து படுத்த மனைவி சரோஜா அக்காவை ஆறு வருஷமாகத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர்.

தொப்பூரில் பைக் விபத்தில் அடிபட்டு என் மகன் சதீஷுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போனது இந்த குரூப்பில் பலருக்குத் தெரியும். தருமபுரிக்கு பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் அண்ணன் பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"யோவ், இறங்கு இறங்கு. ரெண்டு மணி நேரத்துக்கு இந்த வூட்டுல உனக்கு சீட் இல்ல. பையன்கூட நான் இருக்கேன்."

"அக்காவ விட்டுட்டா வந்தீங்க?"

"தூங்கறா. பக்கத்து வூட்ல சொல்லிட்டு வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை நீ வந்து அவகூட இரு, நான் வெளிய போறேன். டூட்டி மாத்திக்கலாம்."

வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு மகனோடு வீட்டிலேயே கிடந்த எனக்கு, வெளியே போய் என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் ஒரு கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்துவிட்டு இருபது நிமிஷத்தில் திரும்பிவிட்டேன்.

அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. "இன்னும் டைம் இருக்குது, போ."

சலூனுக்குப் போனேன். ஒரு பக்கம் ஷேவிங் முடிவதற்குள் தூங்கிவிட்டேன். சலூன்காரர் பாவம் பார்த்து எழுப்பவில்லை. பாதித் தாடியோடு ஒரு மணி நேரக் குறட்டை... உள்ளே வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்களாம்.

அப்புறம் ஒரு நாள் எனக்குத் தலை சுற்றியது. அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். நர்ஸம்மா, "உடம்புக்கு எப்படி இருக்கு? தூக்கம் வருதா?" என்று கேட்டார்கள்.

"தூக்கம் பரவால்லைங்க. முதுகுப் புண்ணு காஞ்சிருச்சு. யூரின் பேக் நேத்துதான் மாத்துனேன்" என்றேன்.

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "பேக் எங்கங்க?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "சிஸ்டர், இவன் சொல்றது பையன் கதை. அந்த ஃபைல மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். இவனுக்குன்னு தனியா ஒரு சீட்டு போடுங்க."

பத்தாவதில்கூட நான் எதையும் அப்படி மனப்பாடம் செய்ததில்லை.

பிரஷர் ஏறிக் கிடந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். "நீங்களும் ஒரு தடவை பாத்துக்குங்கண்ணா" என்றேன்.

"அவளுக்குக் கஞ்சி நேரம் ஆயிருச்சு. அடுத்த வாட்டி பாத்துக்கலாம், வா."

அடுத்த வாட்டி நான் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்...

இன்று மதியம் எடுத்தார்கள். நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை. சொந்தக்காரர் ஒருவர், "அவ்ளோ பழகிட்டு இங்கயே நிக்கறீங்களே" என்று கேட்டே விட்டார்.

அக்காவுக்குப் புரை ஏறாமல் கஞ்சி கொடுக்க வேண்டுமென்றால், தோளைத் தாங்கி, கழுத்தை லேசாக இடது பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாடையில் இருந்தார்.

"சித்தப்பா, நேத்துலேர்ந்து அம்மா வாயே திறக்கல" என்றாள் ஓசூரிலிருந்து வந்த மகள்.

மேளச் சத்தம் தெரு திரும்பும்வரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் வாய் திறந்தார்கள். மகளுக்கும் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது தடவையே சரியாகப் பிடித்துவிட்டாள்.

அண்ணா, கடைசிவரை கூட வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா அரை டம்ளர் குடித்தார்கள். போய் வாருங்கள்.