காய்ச்சலுக்குக் கட்டிய வேப்பிலை

முதல் ஜெர்மன் சண்டை முடியப்போகிற சமயம் அது. நான் சேலத்துப் பக்கம் ரயில் பாதைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் என் பக்கத்தில் படுத்தவர்கள் ஒவ்வொருவராக இருமி, காய்ச்சலில் கிடந்து, செத்துப்போனார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்த கம்பவுண்டர், "இது மூச்சுல ஒட்டற காய்ச்சல். வயசானவங்க இருக்கற ஊட்டுல ஆள அண்ட விடாதே" என்றார். மலைமேல் என் அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்தார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. கூலியைக்கூட வாங்காமல் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு வந்து மலையேறினேன்.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. ராகிக் காட்டில் காவலுக்குப் போட்டிருந்த குடிசையில் தங்கினேன். அம்மா களியைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று திட்டுவாள்.

"பெத்த ஊட்டுக்குள்ள வராம பாறையில சோறு திங்கறியே, ஜெயிலுக்கா போயிட்டு வந்த?"

"எனக்குக் காய்ச்சல் இருந்தா உங்களுக்கு ஒட்டிக்கும்மா. இல்லேன்னு தெரிஞ்சதும் வாரேன்."

"ஊரெல்லாம் சுத்தி இதத்தான் படிச்சியாக்கும்."

எனக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். ஆனால் மற்றவர்களை என்ன செய்வது? சந்தைக்குக் கீழே இறங்கினவர்கள், மூட்டையை இறக்கியதும் அப்பாவிடம் வந்து உட்கார்ந்து கதை பேசுவார்கள். வராதீர்கள் என்றால் சிரித்தார்கள். "தடுமனுக்குப் போயி ஆராச்சும் ஊட்டச் சாத்துவாங்களா சாமி?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமன். மூக்கு ஒழுகினால் தடுமன், அவ்வளவுதான் அவர்களுக்கு. ஊரார் மதித்து ஒதுங்குகிற நோய் ஒன்றே ஒன்றுதான். அது அம்மை.

அதனால் ஒரு நாள் காலையில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினேன். வழக்கம்போல வந்த மாமன் சந்திலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க மச்சான், ஆருக்கு?"

அப்பா உள்ளேயிருந்து கத்தினார். "ஆருக்கும் இல்லீங்க. எம் மகனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குது!"

மாமன் அதைக் காதில் வாங்கவில்லை. வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார். அப்பா இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

மலைமேலேயே இருந்த வாழவந்தி நாட்டு ஊர்களில் வீடு வீடாக ஆட்கள் விழுகிற சேதி வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் ஒருவரும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மாவுக்கு இல்லை. இலை கட்டின அன்றிலிருந்து அவள் எதையும் தாளிக்கவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

"நம்மூட்டுல ஆருக்கும் அம்மை இல்லையேம்மா."

"எலை கட்டுனா மாரி வந்துட்டான்னு அர்த்தம். கூப்புட்டது நீயி. வந்தவள நான் எப்படி இல்லேங்கறது?"

பிறகு மாரியை வழியனுப்ப வேண்டும் என்று அம்மா ஆரம்பித்தாள். கூழ் காய்ச்சி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஊற்றினால்தான் இலையை அவிழ்க்கலாம். காய்ச்சல் ஓயட்டும் என்று கெஞ்சினேன்.

"எத்தன நாளைக்கு அவளப் பட்டினி போடறது? கோவிச்சுக்கிட்டா உங்கய்யனத்தான கேப்பா?"

நான் எந்த உயிருக்காகப் பயந்தேனோ அதற்காகத்தான் அவளும் பயந்தாள்.

கூழ் காய்ச்சினாள். சந்திலேயே ஊற்றி அனுப்பச் சொன்னேன், அப்படித்தான் தொடங்கினாள். ஆனால் அப்பாவைப் பார்த்து வெகுநாளானவர்கள் குடித்துவிட்டு உள்ளே போனார்கள். "அம்மை எறங்கிருச்சு, இன்னும் என்ன பயம்?" என்றார்கள். வாசலூர்பட்டியிலிருந்து வந்த என் அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே தும்மிக்கொண்டு, நெடுநேரம் பேசினாள். இது அம்மையே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா ஊற்றின கூழ் பொய்க்கூழ் ஆகிவிடும். ஊர் முன்னால் அவளை அப்படி நிறுத்த மனம் வரவில்லை.

வேப்பிலைக்குப் பதிலாக வாசலில் முள்ளை வெட்டிப் போட்டிருக்கலாம். என்னைத் திமிர் பிடித்தவன் என்று ஏசியிருப்பார்கள், அவ்வளவுதான். முள்ளை எடுக்க யாருக்கும் கூழ் ஊற்ற வேண்டியதில்லை.

அடுத்த சில நாளில் அப்பாவுக்குக் குளிர் கண்டது. அம்மாவைக் காவல் குடிசைக்கு விரட்டினேன். "எம் புருசனப் பாக்க எனக்கே காவலா?" என்று அழுதாள், ஆனாலும் போனாள். நான் வாயில் துணி கட்டிக்கொண்டு வெந்நீர் கொடுத்தேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருடனாட்டம் இருக்கறே. எப்பக் கெளம்பறே?"

"போகலீங்கய்யா."

"ராகி அறுக்கற வரைக்குமாவது இரு" என்றார். நான் போகமாட்டேன் என்பதை அவர் நம்பவில்லை. நம்பும்படி அதுவரை நான் எதுவும் செய்ததும் இல்லை.

அறுப்புக்கு முன்பே அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும்தான் அறுத்தோம். கதிரை உதறிக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் முந்தியே கூழ் ஊத்தியிருக்கோணும் கண்ணு. எம்மேலதான் தப்பு."

நான் குனிந்து அடுத்த கதிரை அறுத்தேன். அவள் சாகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.