பனிக்காலத்துக்குக் கட்டிய படகு

அலைகடல் கக்கிய நஞ்சைத் தன் கழுத்திலே நிறுத்தி, உலகத்தை நோக்கி அஞ்சாதே என்ற நீலகண்டப் பெருமானின் திருவடியைப் பணிந்து இதனை எழுதத் தொடங்குகிறேன்.

ஐப்பசி மாதத்து வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை, திருவோண நட்சத்திரம். புதிதாக வாங்கிய படகைப் பனிக்காலத்துக்குத் துறையில் கட்டுவதற்கு நான் குறித்துக் கொடுத்த நாள் அது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கனடாவின் ரொறன்ரோ நேரத்துக்கு மணியைக் கழித்து, நல்ல நேரத்தையும் குறித்திருந்தேன். ஆனால் அன்று விடியற்காலையில்தான் இந்த நாட்டார் தங்கள் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளியிருந்தார்கள். நான் மாற்றாத என் கைக்கடிகாரத்தின்படி நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. மருமகனின் கடிகாரத்தின்படி அது இனித்தான் தொடங்க வேண்டும். நான் கழித்துப் பார்த்தது எந்த மணியை என்பது எனக்கே மறந்துபோயிற்று.

படகை வாங்கியவர் மருமகன். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை, கடலோரத்தில் பிறந்தவர். என் மகளோ, நாட்டை விட்டு வரும்போது இராமேசுவரத்துக்குப் போன வள்ளத்தில், நடுக்கடலில் எஞ்சின் நின்று, காற்று இழுத்த பக்கமெல்லாம் மிதந்தவள். அதற்குப் பிறகு அவள் இங்குள்ள வாவிக்கரைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

"அவளின்ர பயம் போகட்டும் எண்டுதான் மாமா வாங்கினனான்" என்றார் மருமகன்.

"பயத்துக்கு மருந்தா ஆரும் பயத்தையே வாங்கிக் குடுப்பினமோ?" என்று மகள் என்னைக் கேட்டாள். எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது.

பல நாள் வழக்காடியபின் ஓர் உடன்பாடு வந்தது. அப்பா கற்பூரம் காட்டினால் அவள் ஒரேயொருமுறை ஏறுவாள். ஏறாவிட்டால் மருமகன் சித்திரையில் படகை விற்றுவிடுவார். ஏறுவதும் அன்றைக்கே நடக்க வேண்டும். கட்டி முடித்ததும் படகு முழுவதையும் வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் இறுக்கிப் போர்த்துவிடுவார்கள். இளவேனில் வரை ஒருவரும் உள்ளே போக முடியாது.

வாங்கிய பொருளின் முதல் சடங்கே அதை உறங்க வைப்பதாக இருப்பது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆயினும் மோர்னிங்சைட் வீட்டிலிருந்து புறப்படும்போது, கார்ப் பூசையில் சக்கரங்களின் கீழ் வைக்க எடுப்பதுபோலவே நாலு தேசிக்காய்களை எடுத்துக்கொண்டேன். துறையை அடைந்த பிறகே அவற்றை எதன் கீழ் வைப்பது என்ற கேள்வி எழுந்தது.

"மாமா, உதுக்குச் சில்லு இல்லை" என்று மருமகன் சிரித்தார். படகைக் கட்டிய நாலு கயிறுகளின் அடியிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். காற்று அவற்றை உருட்டித் தண்ணீரில் தள்ளியது.

அடுத்துக் கற்பூரத்தட்டை எடுத்தேன். துறைப் பொறுப்பாளரான வெள்ளைக்காரர் விரைந்து வந்து கையை மறித்தார். பெற்றோல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாதாம். வேண்டுமானால் மேலே கார்கள் நிற்கும் இடத்தில் கொளுத்தலாமாம். படகு கீழேயும் தீபம் மேலேயுமாக ஓர் ஆராதனையை நான் கண்டதில்லை. படகைப் பார்த்துக் கொளுத்துவதா, கிழக்கைப் பார்த்துக் கொளுத்துவதா என்று தெரியாமல் மேலே போய் நின்றேன். உரசிய நாலு தீக்குச்சிகளும் காற்றில் அணைந்தன. போர்வை போடும் ஆட்கள் கீழே வந்துவிட்டார்கள். ஏற்றாத கற்பூரத்தோடு இறங்கி வந்தேன்.

படகைச் சுற்றிக் கொதிப்பதுபோல் குமிழியிட்ட தண்ணீரை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அடியில் குழாய் வைத்துக் காற்று ஊதுகிறார்கள், பனிக்கட்டி பிடித்துப் படகை நெரிக்காதிருக்க, என்று மருமகன் விளக்கினார். எஞ்சினில் இருந்த தண்ணீரையெல்லாம் வடித்து, பற்றரியையும் கழற்றியாயிற்று என்றும் சொன்னார்.

"அப்ப இப்ப இது ஓடாதோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓடாது."

"நீங்கள் நினைச்சாலும்?"

"நான் நினைச்சாலும் ஓடாது. நாலு பக்கமும் கட்டிக் கிடக்கெல்லே."

அவள் ஒவ்வொரு கயிற்றையும் தானே இழுத்துப் பார்த்தாள். பிறகு, நான் வலது காலை வை என்று சொல்வதற்குள், இடது காலை வைத்து ஏறி, நடுப்பலகையில் இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"கற்பூரம் காட்டேல்லையே, பிள்ளை" என்றேன்.

"போகாத வள்ளத்துக்கு ஏனப்பா கற்பூரம்? பேசாமல் நில்லுங்கோ."

நான் நாள்தோறும் ஓதிய பாடல்களில் தோணி வரும் இடமெல்லாம் அது பிறவிக் கடலைக் கடத்திக் கரை சேர்க்கும் தோணியே. எங்கும் போகாமல் நிற்பதனாலேயே ஒருத்தியைத் தாங்கும் தோணிக்கு எதைப் பாடுவது? ஒரு வரியும் நாவில் வரவில்லை. அவள் பயம் போய்விட்டதா, அல்லது பயத்துக்கு ஏற்ற படகைக் கண்டுகொண்டாளா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

"அப்ப சித்திரையில விக்கிறதோ?" என்று மருமகன் மெல்லக் கேட்டார்.

"சித்திரையிலயும் முதல்ல ஒருக்கால் கட்டினபடி இருந்து பாப்பம்" என்றாள் மகள். போர்வைக்காரர் இருமுறை கூப்பிட்ட பின்னரே இறங்கினாள். அது நல்ல நேரத்துக்குள் நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதனை வாசிக்கும் எல்லாருக்கும், நிற்க வேண்டிய காலத்தில் நிலைத்த நிழலும், புறப்பட வேண்டிய காலத்தில் அஞ்சாத நெஞ்சும் எம்பெருமான் அருளுக.