தம்பியின் நான்காவது ஆட்டம்

என் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இருவரும் ஒரே நாளில்தான் குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்தோம். இருவருமே லைட்வெயிட் எடைப் பிரிவு. தொழில்முறைப் போட்டிக்கு முதலில் போனவன் நான். இரண்டு ஆட்டம், இரண்டிலும் மண்ணைக் கவ்வினேன். பின்னால் வந்த அவன் மூன்று ஆட்டம் ஆடி மூன்றையும் ஜெயித்தான். காலையெல்லாம் மாடி மாடியாக கேஸ் சிலிண்டர் தூக்குகிறவன், சாயங்காலம் எட்டு ரவுண்டு சளைக்காமல் குத்துவான். முன்பு அவனை என் தம்பி என்பார்கள். இப்போது என்னை அவன் அண்ணன் என்கிறார்கள். அம்மாகூட முட்டையை முதலில் அவன் தட்டில்தான் வைக்கிறாள்.

நான்காவது ஆட்டத்துக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள். அறுபத்தொரு கிலோவைத் தாண்டினால் ஆட்டம் கிடையாது. எங்கள் கூடத்து எடை மெஷினோ அரைக் கிலோ குறைத்துக் காட்டியது. இரண்டு வாரத்துக்கு முன் துடைக்கும்போது கைதவறிக் கீழே போட்டவன் நான். மருந்துக்கடை மெஷினில் ஏறி ஒத்துப் பார்த்தவனும் நான்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று காலை தம்பி அதில் ஏறினான். "அறுபதே முக்கால்தாண்ணே. நாக்கு வறளுது, ரெண்டு மடக்கு தண்ணி குடிக்கட்டுமா?"

"குடி," என்றேன்.

அரங்கத்து மெஷினில் நானூறு கிராம் அதிகம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கயிறு குதித்தான். முந்நூறு இறங்கியது, மிச்ச நூறு இறங்கவில்லை. போட்டி நடத்துபவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயும் லைட்வெயிட்தானே? ஏறு பாப்போம்."

அறுபதரை. தம்பியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டை நான் தொடவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

தம்பி மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டான். பிறகு என்னிடம் வந்தான்.

"விடுண்ணே, நம்ம வீட்டுக்குள்ளதான போகுது. நாளைக்கு உன்கூட மோதுறானே, அந்தாளு அடிச்சதும் இடது கைய இறக்கிடுவான். அதப் பாத்து உள்ள போ."

மறுநாள் மூன்றாம் ரவுண்டில் விழுந்தேன். நடுவர் எண்ணத் தொடங்கினார். "எந்திரிண்ணே, எந்திரி," என்று மூலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியது என் தம்பிதான். அந்தக் குரலில் துளியாவது பொறாமை இருக்கிறதா என்று படுத்தபடியே தேடினேன். இல்லை. அதற்கும் அவன்மேல் பொறாமைப்பட்டேன். அதற்குள் நடுவர் பத்து எண்ணி முடித்திருந்தார்.