ஜன்னல் வழியே போட்ட கைக்குட்டை

நீதியைப் பற்றி அவரைப் போல் பேசி நான் கேட்டதில்லை. திருச்சியில் தத்துவப் பேராசிரியர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பேச்சில் உருகும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். அன்று மாலைக் கூட்டத்தில், தப்பிக்க வழியிருந்தும் சிறையை விட்டு ஓடாமல் நஞ்சைக் குடித்த கிரேக்க ஞானியைப் பற்றிச் சொன்னபோது கண்ணையே துடைத்துக்கொண்டார்.

"வலுத்தவனுக்கு எது லாபமோ அதுதான் நீதின்னு அந்தக் காலத்துலயே அங்க ஒருத்தன் வாதாடினான். அவனை நாம இன்னிக்கும் தோற்கடிச்சாகணும்" என்றார். நானும் கை தட்டினேன்.

கூட்டம் முடிந்து இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். ஸ்ரீரங்கம் பஸ் நிற்பதற்குள் அவர் ஓடிப்போய், ஜன்னல் வழியே அதே கைக்குட்டையைச் சீட்டில் போட்டார். நாங்கள் முண்டியடித்து ஏறியபோது அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா. கர்ச்சீப் கிடக்கறது தெரியல?"

"புள்ளைக்குக் காய்ச்சல் சார்."

"அதுக்கு? நான்தானே முதல்ல போட்டேன்?"

அவள் எழுந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார் இது? அப்ப மேடையில பேசினதெல்லாம்?"

"அது தத்துவம்ப்பா. இது பஸ்ஸு" என்றார் சலிப்போடு.

ஸ்ரீரங்கம் வரை அவள் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். அவர் கைக்குட்டையை உதறி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

மேடையில் அவர் நடித்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். அந்தக் கண்ணீர் நிஜம். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.