சம்பந்தி அம்மாவின் பந்து

போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பாரோயிலிருந்து கோலா பிலாவுக்குப் போயிருந்தோம், நானும் மனைவியும். சம்பந்தி அம்மாவைப் பார்க்க. அதாவது, என் மகள் தேவியின் மாமியார். ஸ்ட்ரோக் வந்து, வலது கை சரியாக வராமல், இப்போதுதான் தேறி வருகிறார். பல வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை. பழக்கூடையும் கையுமாக நலம் விசாரிக்கப் போனோம்.

விசாரித்தேனா? எங்கே!

ஹாலில் ஒரு லேப்டாப். முன்னால் சம்பந்தி அம்மா. திரையில் பழைய விளையாட்டு ஒன்று — கீழே ஒரு கட்டை, மேலே வரிசையாகச் செங்கல், நடுவில் ஒரு பந்து. கட்டையை நகர்த்தி, பந்தைத் தட்டி, செங்கல்லை உடைக்க வேண்டும். பந்து ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. சத்தம் அறவே இல்லை.

எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... பழைய கேம் என்றால் எனக்குச் சோறுகூட வேண்டாம். அந்தக் காலத்து விளையாட்டுகள் பல, கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும். புது லேப்டாப்பில் அப்படியே போட்டால் பந்து கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒரு மென்பொருளுக்குள் வைத்து வேகத்தைக் கட்டிப்போட வேண்டும். யாரோ அளவு தெரியாமல் கட்டிவிட்டார்கள், சவுண்டையும் கோட்டை விட்டுவிட்டார்கள் — இது என் தீர்ப்பு!

"என்ன மாப்ள, கேம் இப்படி இழுக்குது? நான் பாக்கறேன்."

மாப்பிள்ளை குமரன், "இல்ல மாமா, அது வந்து..." என்று இழுத்தார்.

"அட, சின்ன வேலை லா!"

அவர் ஒதுங்கி வழி விட்டார். பெண் கொடுத்த மாமனார், அதுவும் வீடு தேடி வந்தவர். அவரிடம் 'தொடாதீங்க' என்று யார் சொல்வார்கள்? நம் வீடுகளில் அந்த வழக்கமே கிடையாதே.

வேகத்தை ஏற்றினேன். சவுண்டையும் வரவழைத்தேன். டிங், டிங் என்று பந்து பறந்தது. "இதான் ஒரிஜினல் ஸ்பீட்! வெளயாடுங்க சம்மந்தி!"

கட்டை நகரும் முன்பே பந்து விழுந்தது. பீ...ப் என்று ஒரு கேலிச் சத்தம். மறுபடி விழுந்தது. மறுபடி பீ...ப்.

"நல்லா இருக்கு சம்மந்தி. நான் தண்ணி கலக்கறேன்," என்று சம்பந்தி அம்மா டீ போட எழுந்து போனார். நானோ திரையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து தேவி போன் செய்தாள்.

"அப்பா, அத்தைக்குக் கை வரணும்னுதான் அவரு ஸ்பீட கொறச்சு வச்சிருந்தாரு. விழுந்தா அந்தச் சத்தம் கேட்டு மனசு ஒடஞ்சிருவாங்கன்னு சவுண்டயும் அடைச்சாரு. நீங்க வந்துட்டுப் போனதிலேருந்து அத்தை அது கிட்டயே போகல."

"பழையபடி மாத்த வேண்டியதுதானே?"

"அத்தை விடல. சம்மந்தி ஆசையா செஞ்சு குடுத்தாரு, மாத்துனா அவரு மனசு நோகும் லா, அப்படிங்கிறாங்க."

என் மனசு! அவர் கை வராமல் போனாலும் பரவாயில்லை, என் மனசு நோகக்கூடாதாம். வெட்கத்தில் போனைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை. உதவி செய்கிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. எது பழுது என்பதையும் அவனே முடிவு செய்துவிடுகிறான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று வழியெல்லாம் யோசனை. அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"சம்மந்தி, ஒங்கள ஒரு வார்த்த கேக்காம கைய வச்சுட்டேன். தப்பு என் மேலதான். வந்து உக்காருங்க."

"ஐயோ, என்ன சம்மந்தி, பெரிய வார்த்தையெல்லாம்..." கூச்சத்துடன் உட்கார்ந்தார்.

சத்தத்தை அடைத்தேன். வேகத்தைக் குறைத்தேன். "போதுமா?"

"போதும் சம்மந்தி." பந்து விழுந்தது.

இன்னும் குறைத்தேன். "இப்ப?"

"போதும், போதும்." மறுபடி விழுந்தது. எல்லாம் மரியாதைக்காகச் சொன்ன 'போதும்'!

அதன் பிறகு நான் கேட்கவில்லை. அவருடைய விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டே குறைத்தேன். ஒரு கட்டத்தில் கட்டை மெல்ல நகர்ந்து பந்தைத் தட்டியது. ஒரு செங்கல் உடைந்தது. இன்னொன்று.

சம்பந்தி அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தள்ளிக்குங்க சம்மந்தி, மறைக்குது!"

தள்ளிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.