பதினோராம் கடிதத்தின் கடைசி வரி

மொத்தம் இருபத்து மூன்று கடிதங்கள். வடக்கில் போர்முனையில் இருந்த ஒரு சிங்களச் சிப்பாய், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தன் மனைவிக்கு எழுதியவை. அந்த அம்மா மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். சிங்களம் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. பாடசாலை ஆசிரியனான நான்தான் வாசித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதினேன்.

முழுதாக வாசிக்கவில்லை. முதல் கடிதத்திலேயே ஏழு வரிகள், மனைவியிடம் மட்டும் சொல்லக்கூடியவை. காவல் நிற்கும்போது உன் ஈரக் கூந்தலின் மணம் வருகிறது என்று எழுதியிருந்தார். குசினியில் என் மனைவி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் மனைவியிடம் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? "சுகம் விசாரிச்சிருக்கார்" என்று தாண்டிவிட்டேன். முதல் பத்துக் கடிதங்களும் ஒரே கேள்வியோடு முடிந்தன: என் நினைப்பு வருகிறதா, ஒரு வரி எழுது. அதையும் தாண்டினேன். பதிலில் மழையும் பிள்ளையின் காய்ச்சலும் கூரை ஒழுக்கும் போயின.

பன்னிரண்டாம் கடிதத்திலிருந்து அந்த வரிகள் இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அவர் உயிரோடு திரும்பினார். அதிகம் பேசாத மனிதர். இந்த வருடம் காலமானார். பிக்குகளுக்கு அன்னமிடும் மூன்று மாதத் தானம் முடிந்த மறுநாள் அந்த அம்மா கடிதங்கள் இருந்த பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"மாஸ்டர், இன்னொரு தடவ வாசிங்க. மக வாசிப்பா, ஆனா உங்க வாயால கேட்டுத்தான் பழக்கம். சுகம் விசாரிக்கிற எடம் வந்தா கண்ணாடிய தொடைப்பீங்களே, அது இல்லாம வாசிங்க."

மகள் வாசித்தால் பிடிபடுவேன் என்ற பயமும் எனக்கு இருந்தது. முதல் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

"இது அன்னைக்கு இல்லையே."

"இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

"எத்தன காயிதத்துல?"

"பதினொன்னுல."

"அந்தப் பதினொன்னாவத எடுங்க."

எடுத்து வாசித்தேன். கடைசி வரி: பத்துத் தடவை கேட்டுவிட்டேன், நீ சொல்லவில்லை, இனிக் கேட்க மாட்டேன்.

"வீட்டுக்கு வந்தப்பறமும் கேக்கல மாஸ்டர். இந்த மனுசனுக்கு அப்பிடியெல்லாம் பேசவே வராதுன்னு நெனச்சேன். பக்கத்துலயே இருந்தாரே, தெரிஞ்சிருந்தா நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க விட்டதுல இன்னும் ஒம்பது இருக்கு. வாசிங்க."