‘முந்தைய வெர்ஷன்’ பட்டன்

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: எந்த டூல் கற்றுக்கொண்டால் சம்பளம் கூடும்? எனக்குத் தெரியாது. ஒரு பட்டனை ஒழுங்காக டெஸ்ட் செய்து, அதில் ஆபத்து இருக்கிறது என்று சொல்லவேண்டியவர்களிடம் சொல்லி, அதற்குப் பிறகும் அதே பட்டனால் ஒருவன் வேலை போனதைப் பார்த்தவள் நான். அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

1. என் வேலை

எங்கள் கம்பெனி தில்லைநகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை ஆபீஸ் எடுத்துக்கொள்ளும்.

துவாக்குடி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்கிற பட்டறைகள் நிறைய. வெல்டிங் முடிந்த குழாய்களை அவர்கள் ஃபர்னஸில் வைத்து மெல்லச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி, மெல்ல ஆறவிடவேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வெல்டு பின்னால் விரிசல் விடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று ஃபர்னஸுக்குச் சொல்லும் புரோகிராமை எழுதிக் கொடுத்தது எங்கள் கம்பெனி. முதலாளி மனோகர் சார். கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்து பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தாமலே ஆளை உட்காரவைத்துவிடுவார்.

புரோகிராம்களை நாங்கள் ஒரு வெர்ஷன் கன்ட்ரோல் சிஸ்டத்தில் வைத்திருந்தோம். அது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். புரோகிராமில் மாற்றம் செய்து சேமித்தால் அது ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டும் தான் எதிலிருந்து வந்தது என்பதை வைத்துக்கொண்டிருக்கும். அதைப் பேரண்ட் என்போம். ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனி பிராஞ்ச். எல்லோருக்கும் பொதுவானது மெயின். இரண்டையும் சேர்த்தால் மெர்ஜ். மெர்ஜ் கமிட்டுக்கு மட்டும் பேரண்ட் இரண்டு. எந்த பிராஞ்சில் நின்றுகொண்டு சேர்க்கிறோமோ அது முதல் பேரண்ட், இழுத்துச் சேர்க்கப்பட்டது இரண்டாவது. ‘ஒரு படி பின்னால் போ’ என்றால் சிஸ்டம் எதையும் யோசிக்காது. நேராக முதல் பேரண்டிடம் போய் நிற்கும்.

பட்டறையில் ஃபர்னஸ் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் ‘முந்தைய வெர்ஷன்’ என்று ஒரு பட்டன் வைத்தோம். புது புரோகிராம் மக்கர் செய்தால் அதை அமுக்கிப் பழையதற்குப் போய்க்கொள்ளலாம். உள்ளே அது செய்வது அந்த ஒரு படி பின்னால் போகும் வேலைதான். அதை டெஸ்ட் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஒரே பேரண்ட் இருந்தால் சரியாகப் போகிறதா, இரண்டு இருந்தால் எதற்குப் போகிறது, முதன்முதல் கமிட்டில் நின்று அமுக்கினால் ‘பின்னால் ஒன்றும் இல்லை’ என்று சொல்கிறதா, எல்லாம் பார்த்தேன். இரண்டாவது பேரண்ட் வேறு, இரண்டு படி பின்னால் இருக்கும் கமிட் வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாத புதுப்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அதையும் பார்த்தேன். எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டின, அதாவது பாஸ்.

2. வெள்ளிக்கிழமை மெர்ஜ்

அந்தப் பச்சை எனக்கு உறுத்தலாக இருந்தது. ஏனென்றால் டெஸ்ட்டுக்கான கமிட்களை நானே உருவாக்கியிருந்தேன். பட்டறையின் பிராஞ்சில் நின்றுகொண்டு மெயினை இழுத்துச் சேர்த்திருந்தேன். முறைப்படி அப்படித்தான் செய்யவேண்டும். எங்கள் ஆபீசில் யாரும் முறைப்படி செய்ததில்லை.

ரிலீஸ் வேலையைப் பார்த்தவன் தினேஷ். கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எல்லாப் பட்டறை பிராஞ்சுகளையும் உட்கார்ந்து மெர்ஜ் செய்வான். மெயினில் நின்றுகொண்டு பட்டறையின் பிராஞ்சை இழுப்பான். மோதுகிற வரிகளை அங்கேயே ஒரு தடவை தீர்ப்பான். பிறகு பட்டறையின் பிராஞ்சையும் அதே இடத்துக்கு நகர்த்திவிடுவான். இரண்டு தடவை செய்யவேண்டியதை ஒரே தடவையில் முடிக்கிற அந்தக் குறுக்குவழியில் அவனுக்கு அலாதிப் பெருமை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே அதைத்தான் சொல்லிக்கொடுப்பான்.

இதன் விளைவு என்ன? பட்டறையின் புது வெர்ஷனுக்கு முதல் பேரண்ட் அந்தப் பட்டறையின் பழைய வெர்ஷன் அல்ல, மெயின். மெயினில் எங்கள் பெரிய கஸ்டமரின் ரெசிபிகளை, அதாவது எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற கணக்குகளை, மாதிரிக்காக வைத்திருந்தார்கள். அவர்களுடையது அலாய் ஸ்டீல், அதற்குச் சூடு அதிகம் வேண்டும். சாதாரண கார்பன் ஸ்டீல் வேலை செய்கிற சின்னப் பட்டறைக்காரர் பட்டனை அமுக்கினால் அடுத்தவருடைய சூடு அவர் ஃபர்னஸில் வந்து உட்காரும். போதாததற்கு ரெசிபி நம்பரும் இரண்டிலும் ஒன்றுதான்.

நிஜமான கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்து அமுக்கிப் பார்த்தேன். நினைத்தபடியே நடந்தது. கோளாறை விவரமாகப் பதிவு செய்தேன், அதை எங்கள் பாஷையில் பக் எழுதுவது என்போம். எப்படிச் சரிசெய்யலாம் என்பதையும் எழுதினேன்: பேரண்டைக் கேட்காதீர்கள், அந்த லேப்டாப்பில் கடைசியாக ஓடிய வெர்ஷன் எதுவோ அதை லேப்டாப்பே நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு மணி நேரத்தில் தினேஷ் இது கோளாறே இல்லை என்று போட்டு அந்த பக்கை மூடிவிட்டான்.

நான் போய்க் கேட்டதற்கு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான். “மேடம், ஒரு படி பின்னாலன்னா ஃபர்ஸ்ட் பேரண்ட். டெஃபனிஷனே அதான். டூல் கரெக்டா வேலை செய்யுது. கரெக்டா வேலை செய்யுறத நான் என்னன்னு சரி பண்றது?”

மனோகர் சாரிடம் போனேன். ஒரு பெரிய கஸ்டமருக்கு டெமோ காட்டவேண்டியிருந்ததால் அவருக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. மெர்ஜ் ஆன வெர்ஷனில் அந்தப் பட்டனைத் தொடவேண்டாம் என்று பட்டறைகளுக்காவது சொல்லிவிடலாம் என்றேன். “அமுக்காதீங்கன்னு சொல்றதுக்காம்மா பட்டன் வெச்சோம்?” என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் சிரிப்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான்.

ஃபீல்டு இன்ஜினியர் ஜெயபாலிடம் மட்டும் டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். பாலக்கரைக்காரன். பட்டறை பட்டறையாகப் பைக்கில் அலைந்து புரோகிராம் ஏற்றிக் கொடுப்பது அவன் வேலை. அந்த வருஷம்தான் மகளை கான்வென்ட்டில் சேர்த்திருந்தான். அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை மெர்ஜ் ஆனதாக இருந்தால் பட்டன் பக்கமே போகாதே, எனக்குப் போன் செய் என்றேன். சரிக்கா என்றான்.

3. துவாக்குடியிலிருந்து போன்

சொன்னதை அவன் மறக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது. கார்பன் ஸ்டீல் வேலை செய்கிற ஒரு பட்டறை. புது புரோகிராம் அலாரத்தில் நின்றுவிட்டது. ஃபர்னஸுக்குள் ஜாப் (அன்றைக்குச் சூடாக்கவேண்டிய குழாய்கள்) ஏற்றியாகிவிட்டது, மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார், ஓனர் பக்கத்தில் நின்று கத்துகிறார்.

“அக்கா, ஓனர் பட்டன அமுக்கு அமுக்குங்கிறாரு. நீங்க வேணாம்னு சொன்னீங்கள்ல, அதான் கேக்குறேன்” என்றான் ஜெயபால்.

தொடாதே என்றேன். பழைய வெர்ஷனின் நம்பரைத் தேடி எடுத்துத் தருகிறேன், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல் என்றேன். அதற்குள் ஓனர் தன் போனிலிருந்து மனோகர் சாரைக் கூப்பிட்டு ஏசிவிட்டார். சார் அறையிலிருந்து விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார்.

“ஜெயபால், அமுக்குப்பா. நான் சொல்றேன், அமுக்கு.”

அமுக்கினான். அலாரம் நின்றது. திரையில் அதே ரெசிபி நம்பர் வந்தது. ஸ்டார்ட் கொடுத்தான். சார் போனை என்னிடம் நீட்டி, “பாத்தியாம்மா, முடிஞ்சுது” என்றார்.

சூடு எவ்வளவு என்று பார்க்க அந்தத் திரையில் இரண்டு பக்கம் உள்ளே போகவேண்டும். ஓனர் தலைமேல் நின்று கத்தும்போது யாரும் போகமாட்டார்கள். சாயங்காலம் ஃபர்னஸின் சூட்டைப் பதிந்த சார்ட்டைப் பார்த்த பிறகுதான் ஜாப் வேறு யாருடைய சூட்டிலோ வெந்திருப்பது தெரிந்தது. மறுநாள் இன்ஸ்பெக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இரும்பு இளகிப்போயிருக்கிறது என்று மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்தார்.

4. யாரும் பொய் சொல்லாத மீட்டிங்

மீட்டிங்கில் நாங்கள் நான்கு பேர். ஜெயபால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். சார் சொன்னதால்தான் அமுக்கினேன் என்று மெதுவாகச் சொன்னான்.

மனோகர் சார் மறுக்கவில்லை. “அமுக்குன்னு நான்தான்பா சொன்னேன், இல்லைங்கல. டெம்பரேச்சர் பாக்காம ஸ்டார்ட் பண்ணுன்னா சொன்னேன்?”

நான் பேசினேன். திரையில் நம்பர் மட்டும்தான் தெரியும் என்றேன். இது இப்படித்தான் ஆகும் என்று முன்பே பக் எழுதியிருக்கிறேன் என்றேன். அவன் அமுக்க மறுத்துத்தான் எனக்குப் போன் செய்தான் என்றும் சொன்னேன்.

தினேஷ் பதற்றமே இல்லாமல் பேசினான். “மேடம் பக் எழுதுனது டூல் மேல. டூல்ல தப்பு இல்லைன்னு அன்னிக்கே க்ளோஸ் ஆயிடுச்சு. இன்னிக்கும் டூல்ல தப்பு இல்ல.”

யோசித்துப் பாருங்கள். தினேஷ் சொன்னது உண்மை, டூலில் தப்பில்லை. சார் சொன்னதும் உண்மை, பார்க்காமல் ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. ஜெயபாலும் உள்ளதைத்தான் சொன்னான். ஒருவர்கூடப் பொய் சொல்லாத அந்த அறையில் வெள்ளிக்கிழமை மெர்ஜைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. நான் இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் “அது டெக்னிக்கல் விஷயம், அப்புறம் பேசலாம்” என்று சார் கையைக் காட்டினார்.

பட்டறை ஓனருக்கு யாரையாவது தூக்கிக் காட்டவேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் ஜெயபாலை அனுப்பிவிட்டு, ஆளை வேலையை விட்டு எடுத்துவிட்டோம் என்று சார் ஓனரிடம் போனில் சொன்னார். அடுத்த மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவன் துவாக்குடி வட்டாரத்தில் எங்கே வேலை கேட்டுப் போனாலும், ஃபர்னஸைக் கெடுத்த ஆள்தானே என்று கேட்டார்களாம். திருச்சி பெரிய ஊர் என்பார்கள். ஒருவனுடைய பெயர் கெட்டுப்போனால் அப்போது தெரியும் அது எவ்வளவு சின்ன ஊர் என்று.

5. சரிசெய்தார்கள்

ஜெயபால் போன அடுத்த வாரமே பட்டனைச் சரிசெய்தார்கள். நான் பக்கில் எழுதியிருந்தது எப்படியோ, வரிக்கு வரி அப்படியே. தினேஷ்தான் செய்தான். நான் எழுதிய டெஸ்ட்டையும் கூடவே சேர்த்துக்கொண்டான். ஓட்டிப் பார்த்தேன், பச்சை.

ஒவ்வொரு கமிட்டிலும் என்ன மாற்றம், எதற்காக என்று ஒரு வரி எழுதவேண்டும். இதற்கு அவன் எழுதியிருந்த வரி: ‘ஆபரேட்டர் எரர் நேராமல் தடுக்க.’ அதாவது, தப்பு பட்டனை அமுக்கியவனுடையது. அந்த சாஃப்ட்வேர் இருக்கும் வரைக்கும் அந்த வரி இருக்கும். யார் பெயரும் அதில் இல்லை. பெயர் எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மெர்ஜ் மட்டும் மாறவில்லை. நான் அங்கிருந்து ஓய்வுபெறும் வரை அதே குறுக்குவழிதான். தினேஷ் இப்போது அங்கே மேனேஜர்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குத் தொழில்பாடம் ஒன்று சொல்லவேண்டும். பேரண்ட் எது என்று டெஸ்ட் செய்யும்போது முறைப்படி செய்த மெர்ஜை வைத்து மட்டும் செய்யாதீர்கள். உங்கள் ஆபீசில் நிஜமாக எப்படி மெர்ஜ் செய்கிறார்களோ அதை எடுத்து வைத்துச் செய்யுங்கள். டூல் என்ன செய்யும் என்பது அதற்கான கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது எங்கேயும் எழுதியிருக்காது. இன்னொன்று, டெஸ்ட் செய்தால் கோளாறு தெரியும், அவ்வளவுதான். அதை வைத்து ஒருவனைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்தேன்.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கேமரா பொருத்த ஆள் அனுப்பச் சொன்னோம். டிரில்லிங் மிஷினோடு மாடியேறி வந்தது ஜெயபால். முன்தலை நரைத்திருந்தது. பாலக்கரையில் ஒரு கேமரா கடையில் இருக்கிறானாம். மகள் இப்போது ப்ளஸ் டூ, கவர்ன்மென்ட் ஸ்கூல் என்றான். கான்வென்ட் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஸ்டூலில் ஏறிச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டே கேட்டான். “அந்தப் பட்டன அப்புறம் சரி பண்ணாங்களாக்கா?”

“பண்ணிட்டாங்கப்பா.”

“என்ன தப்புன்னு போட்டாங்க?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். டிரில் நின்றது. பிறகு மீதி ஓட்டைகளையும் போட்டு, கேமராவை மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு இறங்கினான். தரையெல்லாம் சிமெண்ட் தூள். துடைப்பம் கேட்டான். நீ விடுப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“குடுங்கக்கா. ஓட்டை நான்தான போட்டேன்.”

அந்தத் தில்லைநகர் மாடியில் இத்தனை வருஷம் இருந்தேன். இப்படி ஒரு வார்த்தையை அங்கே ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.